எத்தனை காத்து?

டயர் கடைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு தலையாட்டல். காத்தக்காவுக்கு அது மட்டும் வராது.

பல வருடங்களாகவே அந்தத் தெருவுக்கு அவள் காத்தக்காதான். சைக்கிளுக்குக் காற்றடிப்பதிலிருந்து லாரிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது வரை ஒற்றை ஆளாகப் பார்ப்பாள். உதவிக்கு இரண்டு பேரை வைத்துப் பார்த்தாள். வேலையைவிட அவர்களோடு சண்டை போடவே நேரம் போனதால் அனுப்பிவிட்டாள். இரண்டு பேரும் இப்போது நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

கடைக்குள் சுவரோரம் பழைய டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், சோப்புத் தண்ணீர் வாளி ஒரு பக்கம். மூலையில் கம்ப்ரஸர். டாங்கியில் காற்று குறைந்தால் யாரையும் கேட்காமல் அது தானே கிளம்பிக் கத்தும். சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியும் கத்த வைக்கலாம். அது கத்தும்போது பக்கத்தில் நின்று ‘கடையை எழுதித் தருகிறேன்’ என்று சொன்னாலும் காதில் விழாது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருவர் புது ஜீப்போடு வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"காத்தக்கா, இந்த பீட்லாக் வீல் போடலாமா? சும்மா மிரட்டலா இருக்குல்ல?"

"எத்தனை காத்துல ஓட்டுறீங்க?"

"முப்பது பவுண்டு."

"மணல்ல?"

"மணல்ல... அதுவும் முப்பதுதான்."

"அப்ப உங்களுக்கு எதுக்குங்க பூட்டு வீல்? மொட்டைத் தலைக்குச் சீப்பா?"

பூட்டு வீல் என்பது அவள் வைத்த பெயர். மணலிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்கள் டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் டயர் அகலமாகப் படுத்துக்கொள்ளும், மணலில் புதையாது. ஆனால் டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பதே உள்ளே இருக்கிற காற்றுதான். ரொம்ப இறக்கினால் பிடி போய்விடும். ஒரு வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். பீட்லாக் அதற்குத்தான். ரிம்மின் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்பு வளையம், சுற்றிலும் போல்ட். டயரின் விளிம்பை நடுவில் வைத்து முடுக்கிவிட்டால் அது ரிம்மை விட்டு நகராது. நல்ல சாமான்தான். ஆனால் கனம் அதிகம். போல்ட்டுகளை எதிரெதிராக ஒரே அளவில் முடுக்க வேண்டும், வண்டி வெளியே போய் வந்த ஒவ்வொரு தடவையும் திரும்பப் பார்க்க வேண்டும். இவ்வளவு மெனக்கெட ஒரு நியாயம் வேண்டாமா?

அந்த நியாயத்தைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "எத்தனை காத்து?" இருபதுக்கு மேல் என்றால் வேண்டாம். பத்து, பத்துக்குக் கீழே என்றால் போட்டே ஆக வேண்டும். நடுவில் என்றால், "எனக்குத் தெரியாது, உங்க புத்தியைக் கேளுங்க" என்பாள். நாடி பார்க்காமல் மருந்து சொன்னால் அவன் வைத்தியனா? காற்றைக் கேட்காமல் அவள் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

ஒரே ஒருத்தனைத் தவிர. அவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலை அளவு திருகாணிகளை இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குவான். "நான் ஆளுயரச் சக்கரத்தோட மல்லுக்கட்டுறேன், நீ தும்மினா பறந்துடற சாமானை வச்சுக்கிட்டு வேலை செய்யறேன்னு சொல்றே" என்று அவள் கேலி செய்வாள். வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிற அவன், லீவு நாளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு சிநேகிதர்களோடு மணல்மேடுகளுக்குப் போய்விடுவான். அங்கே அவன் வேறு ஆள்.

அந்த வேறு ஆளைத் தம்பி மனைவிக்குப் பிடிக்காது. அவளுக்கு நாத்தனாரையும் பிடிக்காது என்று காத்தக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். விசேஷமாகச் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பேச்சுவார்த்தை இருந்திருக்கும். இவள் கைகளில் இருக்கும் கறுப்பை அவள் பார்ப்பதும், பார்த்ததை இவள் பார்ப்பதுமாகவே காலம் போய்விட்டது.

அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் தனியாகக் கடைக்கு வந்தாள். உட்கார இடம் தேடாமல் ஒரு டயர் மேலேயே உட்கார்ந்தாள். உட்காரும் முன்னால் அதைத் துடைக்கக்கூட இல்லை. காத்தக்கா அப்போதே அசந்துபோனாள்.

"அண்ணி, ஒரு உதவி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லும்மா."

"இவர் ஏதோ பூட்டு வீல் போடணும்னு குதிச்சுக்கிட்டிருக்கார். அது வந்துட்டா பாறை, பள்ளம் ஒண்ணையும் விட மாட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரல அண்ணி. நாளைக்கு உங்ககிட்ட கேக்க வருவார். தேவையில்லன்னு சொல்லிடுங்க. நான் சொன்னா காத்துல போயிடும். நீங்க சொன்னா வேதவாக்கு."

சொல்லிவிட்டு அவள் காத்தக்காவின் கையைப் பிடித்தாள். கிரீஸும் கரியும் அப்பிக்கிடந்த அந்தக் கையை, முகம் சுளிக்காமல், இரண்டு கையாலும் பிடித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

காத்தக்கா உருகிவிட்டாள். தம்பிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. அந்தப் பிடி பாதி. எந்தப் பாதி பெரியது என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எதிராகவே முடிந்தது.

மறுநாள் தம்பி வந்தான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நீ பாசத்தைத் தூக்கிப் பரண்ல வச்சுட்டு, டயர்க்காரியாச் சொல்லு. பூட்டு வீல் போடலாமா, வேண்டாமா?"

"உனக்கு அது தேவையே இல்லடா."

"நிஜமாவா?"

"ஆமா. வெட்டி கனம். உன் வண்டிக்கு வேண்டாம்."

"இல்லக்கா, நான் மணல்ல ஓட்டும்போது காத்தை வந்து..."

அவள் கை சுவிட்சைத் தட்டியது. கம்ப்ரஸர் கத்தத் தொடங்கியது. தம்பியின் வாய் அசைந்தது. விரல்களால் எத்தனை என்று காட்டப் போனான். அவள் குனிந்து, அவசரமே இல்லாத ஒரு சக்கரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவ ஆரம்பித்தாள். மெஷின் ஓய்ந்தபோது அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரி விடு. நீயே சொல்லிட்டே. வரேன்க்கா."

அந்தக் கடையிலிருந்து ‘வரேன்க்கா’ சொல்லாமல் அவன் ஒரு நாளும் போனதில்லை. கோபித்துக்கொண்டு போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கோபித்துக்கொள்வான்.

அக்கா சொன்னதை அவன் தனக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டான். "நான் ஓட்டுற ஓட்டுக்குப் பூட்டு வீலே தேவையில்லையாம். யாரு சொன்னது? காத்தக்கா!" என்று சிநேகிதர்களிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவள் ஒரு தடையாகச் சொன்னது அவனிடம் போய்ப் பாராட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு மணல்மேட்டின் சரிவில் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தவன் வண்டியைத் திருப்பினான். முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. வெறும் ரிம் மணலுக்குள் கலப்பை மாதிரி இறங்கியது. ஜீப் புரண்டது. ஜன்னல் வழியாக மேல் கம்பியைப் பிடித்திருந்த அவனுடைய வலது கை, வண்டிக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். ஆனால் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் உணர்ச்சி இல்லை. நரம்பு நசுங்கியிருக்கிறது, திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். திருகாணி எடுக்கிற விரல்கள் அந்த இரண்டும்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அக்காவைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது: "தப்பு என்னோடதுதான்க்கா. நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் காத்தை ரொம்ப இறக்கிட்டேன்."

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட்ட போர்வையையே மறுபடி இழுத்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் தம்பி மனைவி நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். அதில் கை கழுவச் சொல்லும் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"அண்ணி..."

"ம்."

"அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிட வேண்டாம். நான் வந்தது, கேட்டது... நல்லதுக்குத்தானே செஞ்சோம்?"

"நல்லதுக்குத்தான்" என்றாள் காத்தக்கா. சொன்ன வார்த்தை அவளுக்கே நாராசமாக இருந்தது. இப்போது அவர்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. இந்த ஒற்றுமைக்காகவா அவள் இத்தனை வருடம் ஏங்கினாள்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் பரவாயில்லையே, சொறிந்துகொண்டு போகலாம். அவளுக்கு அது முள்ளாகவே தொண்டையில் நின்றது. கடையில் ஒவ்வொருவரிடமும், "எத்தனை காத்து?" என்று கேட்கும்போது நாக்கு ஒரு கணம் நின்று கிளம்பியது. சைக்கிள்காரரிடம்கூடக் கேட்டாள். "நல்லா டைட்டா அடிங்கக்கா, இதுக்கென்ன எண்ணிக்கை?" என்று அவர் சிரித்தார். கம்ப்ரஸர் தானாகக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றைக்குக் காதைத்தானே மூடிக்கொண்டாள்? கண்ணை மூட மறந்துபோனாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை அவன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். ஒவ்வொரு தடவையும் தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி" என்று அன்பாகக் கூப்பிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகவே இல்லை. தம்பி இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுவதை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டு சிறிதானதும் தம்பி வீட்டில் இருக்கப் பிடிக்காமல் டயர் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். வலது கை கழுத்திலிருந்து தொங்கும். இடது கையில் ஒரு வால்வு மூடியை வைத்துக்கொண்டு, அதை வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் அழுத்தி அழுத்திப் பார்ப்பான்.

"தெரியுதாடா?"

"தெரியற மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டா தெரியல."

ஜீப் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை விற்கப் போவதாக அவன் ஒரு நாள் சொன்னான். "எனக்கெல்லாம் அது சரிப்படாதுக்கா. சொன்ன பேச்சைக் கேக்கறவனுக்குத்தான் அதெல்லாம்." இதைவிட அவன் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம்தான் தாடி வந்தான். தம்பியோடு மணலுக்குப் போகிற கூட்டத்தில் அவன் ஒருத்தன். மார்பு வரை தாடி இருப்பதால் அந்தப் பேர். அவன் ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்தி, தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, காத்தக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். இவன் உருண்டதைப் பார்த்ததிலேருந்து எனக்கு பயமாயிருக்கு. பூட்டு வீல் போட்டுடலாம்னு இருக்கேன். இவன் என்னடான்னா வேண்டவே வேண்டாங்கறான்."

"நான் சொல்லலடா, அக்கா சொன்னது" என்றான் தம்பி. "தேவையே இல்லைன்னு அக்கா எப்பவோ சொல்லிட்டா. காத்தை அளவா வச்சா ஒண்ணும் ஆகாது. அக்கா சொன்னா சொன்னதுதான்."

இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்குச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒட்டிப்போய்விடும். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. தம்பி மனைவி நன்றியோடு பார்ப்பாள். தாடி சந்தோஷமாக ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சரிவுக்குப் போவான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவனுக்கும் விரல்கள் இருக்கின்றன.

காத்தக்கா கையை அழுக்குத் துணியில் துடைத்தாள்.

"எத்தனை காத்துல ஓட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"மணல்ல பத்து. ரொம்ப மாட்டிக்கிட்டா எட்டு."

"அப்ப போட்டே ஆகணும்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றான் தாடி. பிறகு தம்பியைப் பார்த்தான். அந்த முகத்தில் எதைப் பார்த்தானோ, சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "நான்... வெளியில டயருக்குக் காத்து பிடிச்சுக்கறேன்க்கா. நாலும் இறங்கியிருக்கு" என்று குழாயை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

தம்பி வால்வு மூடியை அழுத்துவதை நிறுத்தியிருந்தான்.

"அக்கா, என்கிட்ட நீ இதைக் கேக்கலியே."

அவள் அழுக்குத் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"எல்லார்கிட்டயும் கேப்பியே. சைக்கிள்காரன்கிட்டகூடக் கேட்டே, நான் பார்த்தேன்." அவன் குரல் கொஞ்சம் கெஞ்சியது. "மறந்துட்டியா? அன்னைக்கு வேலை அதிகமா இருந்துச்சு. மறந்துட்டே, இல்ல?"

அவனே கதவைத் திறந்துவிடுகிறான். ஆமாம்டா, மறந்துபோச்சு என்று சொல்லி அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடலாம். காத்தக்காவுக்கு உடம்பெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"மறக்கலடா" என்றாள். "நீ சொல்ல வந்தே. நான்தான் மெஷினைப் போட்டுவிட்டேன்."

வாசலில் டயருக்குள் காற்று ஏறுகிற சத்தம் சீறலாகக் கேட்டது.

"ஏன்?"

"நீ சொல்லியிருந்தா, நான் போடச் சொல்லியிருக்கணும். போட்டா நீ இன்னும் தூரம் போவேன்னு பயம்."

"போடாமலும் போனேனே."

"போனேடா."

"உன் பயமா? இல்ல, யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

தன் கறுப்புக் கையைத் தம்பி மனைவியின் இரண்டு கைகள் பிடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. "என் வாய்தானேடா சொல்லிச்சு" என்றாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்பக் கேளு."

"என்னடா?"

"கேளுக்கா. டயர்க்காரியாக் கேளு."

"எத்தனை காத்துலடா ஓட்டுறே?"

"எட்டு."

"எட்டுன்னா..." நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "எட்டுன்னா போட்டே ஆகணும்டா தம்பி."

தம்பி தலையாட்டினான். யோசனை கேட்க வந்த யாரோ ஒருவர் தலையாட்டுவது போல இருந்தது. வால்வு மூடியை மேஜைமேல் வைத்தான். எழுந்தான். தொங்கும் கையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்க்க நடந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவன் படியில் கால் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"டேய், வரேன்னு சொல்லிட்டுப் போடா!"

அவன் நின்றான். முகத்தை முழுக்கத் திருப்பவில்லை, பாதிதான் திருப்பினான். வாய் திறந்தது. தாடி நாலு டயருக்கும் காற்றை ஏற்றியதில் டாங்கி காலியாகியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் தானாகவே கிளம்பிக் கத்தத் தொடங்கியது.

அவள் டயர்களில் இடித்துக்கொண்டு ஓடி சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்குவதற்குள் அவன் தெருவைத் தாண்டிவிட்டான்.

‘வரேன்’ என்றானா, ‘போறேன்’ என்றானா? வாசலில் குழாயோடு நின்ற தாடியிடம் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் கேட்கவில்லை. இன்றைக்கு அவளுக்குக் கேட்கவில்லை.